கோதுமைத் துருநோயும் வானிலையும்

1946-47ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் மத்திய இந்தியாவில் விளைந்து நின்ற கோதுமையைக் கருந்துரு நோய் பற்றிக்கொண்டது. தண்டிலும் இலையுறையிலும் செங்கல் நிறக் கொப்புளங்கள் தோன்றி வெடித்தன. மணி பால் பிடிக்கும் வேளையில் பயிரின் சத்தும் நீரும் அக்கொப்புளங்களின் வழியே வீணாயின. அறுவடையின்போது கதிரில் இருந்தவை பெரும்பாலும் சுருங்கிய பதர்மணிகளே. அவ்வாண்டின் இழப்பு சுமார் 20 லட்சம் டன் என்று மதிப்பிடப்பட்டது. உணவுத் தானியங்கள் பங்கீட்டு முறையில் அளந்து வழங்கப்பட்ட காலம் அது என்பதை நினைத்தால் இழப்பின் கடுமை விளங்கும்.

அதற்கு முந்திய ஆண்டிலும் அதே நிலத்தில் கோதுமை இருந்தது. துருநோயும் ஆங்காங்கே இருந்தது. பிந்திய ஆண்டிலும் அவ்வாறே. துருநோயை உண்டாக்கும் பூசணம் நாட்டில் இல்லாத ஆண்டு என்று ஒன்று இல்லை. எனினும் பல ஆண்டுகளில் அது அறுவடைக்குச் சற்று முன்னர் தலைகாட்டி, பெருந்தீங்கு செய்யாமல் மறைந்துவிடுகின்றது. சில ஆண்டுகளில் மட்டுமே கொள்ளை நோயாகப் பரவுகின்றது. நோய்க்கு இடங்கொடுக்கும் பயிரும், நோயை உண்டாக்கும் பூசணமும் ஒரே இடத்தில் இருந்தால் மட்டும் போதாது. அவ்விரண்டும் கூடுவதற்கு ஏற்ற வானிலை, பயிரின் ஏற்ற பருவத்தில், தேவையான அளவு நேரம் நீடிக்கவேண்டும். இம்மூன்றில் ஆண்டுதோறும் பெரிதும் மாறுவது வானிலையே. ஆதலின் பயிர்ப் பாதுகாப்புப் பணியில் ஈடுபட்டிருப்போர் இலையைப் பார்ப்பதற்கு ஒப்பான கவனத்துடன் வானத்தையும் பார்க்கவேண்டியிருக்கிறது.

ஓர் இரவில் நிகழ்வது

பூசணங்கள் விதைக்குப் பதிலாக ஸ்போர்கள் எனப்படும் நுண்ணிய துகள்களை உண்டாக்குகின்றன. துருநோய்க் கொப்புளத்தை விரலால் தடவினால் ஒட்டிக்கொள்ளும் செந்தூள் முழுவதும் ஸ்போர்களே. ஒரு ஸ்போரின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கு. காற்றில் மிதந்து வந்து கோதுமை இலைமீது படியும் ஸ்போர் உலர்ந்திருக்கும் வரையில் ஒன்றும் செய்வதில்லை. இலை வறண்டிருந்தால் அது பல நாள் அவ்வாறே கிடந்து, வெயிலில் உயிரிழந்தும் போகலாம்.

மாலை மறைந்து, வானம் தெளிவாக இருந்து, காற்றும் ஓய்ந்துவிட்டால், இலை தன் வெப்பத்தை வானவெளிக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகின்றது. காற்றிலுள்ள நீராவி அதன்மீது பனித்துளியாகப் படிகின்றது. இந்தத் துளியே ஸ்போரை எழுப்பும் நீர். ஓரிரு மணி நேரத்தில் ஸ்போரிலிருந்து மெல்லிய முளைக்குழல் ஒன்று புறப்பட்டு, இலையின் மேற்பரப்பில் ஊர்ந்து, சுவாசத் துளை ஒன்றைத் தேடிச் செல்கின்றது. துளையை அடைந்ததும் குழலின் நுனி பருத்து அதன்மேல் ஒட்டிக்கொள்கின்றது. பின்னர் ஒரு கூரிய இழை துளையின் வழியே உள்ளே நுழைகின்றது. நுழைந்துவிட்ட பூசணத்தை வெளியே அடிக்கும் வெயிலோ வறண்ட காற்றோ எளிதில் ஒன்றும் செய்யமுடியாது. நுழைவதற்கு முன்னர் இலை காய்ந்துவிட்டாலோ முளைக்குழல் வாடி மடிகின்றது. அந்த ஸ்போருக்கு இரண்டாவது வாய்ப்பு இல்லை.

இந்நிகழ்ச்சி முழுவதும் நடந்தேற, தகுந்த வெப்பநிலையில், ஆறு முதல் எட்டு மணி நேரம் வரை இலை நனைந்திருக்கவேண்டும். குளிர் மிகுந்தால் இதே வேலைக்குக் கூடுதலான நேரம் பிடிக்கும். கருந்துருவுக்கு மற்றுமொரு தேவை உண்டு. அதன் ஸ்போர் இருளில் முளைத்துச் சுவாசத் துளையை அடைந்துவிடும். ஆனால் உள்ளே நுழைவதற்கு நல்ல ஒளி தேவைப்படுகின்றது. ஆகவே இரவெல்லாம் பனி பெய்து, பொழுது விடிந்த பின்னரும் இலை உடனே காயாமல், வெயில் ஏற ஏற மெல்லக் காயும் காலை நேரமே அதற்கு மிகவும் உகந்தது. பழுப்புத் துருவுக்கு இவ்வாறு ஒளி தேவைப்படுவதில்லை. அது இருளிலேயே வேலையை முடித்துக்கொள்ளும்.

இங்கு ஒரு தவறான எண்ணத்தைக் குறிப்பிடவேண்டும். மேகமூட்டம்தான் நோயைக் கொண்டுவருகின்றது என்பது உழவர் பலருடைய கருத்து. மேகம் மூடிய இரவில் இலையின் வெப்பம் வெளியேறாமல் தடைப்படுவதால் பனி குறைவாகவே படியும். அந்த அளவில் இக்கருத்து முழுவதும் சரியன்று. ஆயினும் மேகத்துடன் தூறலும் சேர்ந்து, பகலிலும் வெயில் தலைகாட்டாமற் போனால், இலை நாள் முழுவதும் ஈரமாகவே இருக்கும். குளிர்காலத்து இரவும் வழக்கத்தைவிடச் சற்று வெதுவெதுப்பாக இருக்கும். அந்த நிலையில் உழவர் கூறுவது உண்மையே. பெருமழையோ ஸ்போர்களை இலையிலிருந்து கழுவி மண்ணில் சேர்த்துவிடுவதும் உண்டு. தூறலே பெருமழையினும் தீங்கானது.

காற்றின் ஈரப்பதத்தைக் கருவி கொண்டு அளந்து மட்டும் முடிவு கூறுவது போதாது என்பதும் இதனால் விளங்கும். சுற்றுக்காற்று ஓரளவு உலர்ந்திருக்கும்போதே அடர்ந்த பயிரின் உட்புறத்தில் இலைகள் சொட்டச் சொட்ட நனைந்திருக்கலாம். நெருங்க விதைத்த பயிர், அளவுக்கு மிஞ்சித் தழைச்சத்து இட்டுச் செழித்த பயிர், மர நிழலில் நிற்கும் பயிர் ஆகியவற்றில் பனி காய்வதற்கு இரண்டு மூன்று மணி நேரம் கூடுதலாகும். அந்த இரண்டு மூன்று மணியே பல சமயங்களில் நோய்க்கும் நலத்துக்கும் உள்ள வேறுபாடு.

எட்டு நாளும் பதினான்கு நாளும்

உள்ளே நுழைந்த பூசணம் இலையின் திசுக்களில் பரவி, மீண்டும் கொப்புளமாக வெடித்துப் புதிய ஸ்போர்களை வெளியிடும் வரையில் உள்ள காலத்தை மறைவுக்காலம் எனலாம். இக்காலத்தில் இலை பார்வைக்கு நலமாகவே தோன்றும். மறைவுக்காலத்தின் நீளத்தை முடிவு செய்வது பெரும்பாலும் வெப்பநிலையே. பழுப்புத் துருவும் கருந்துருவும் தமக்கு உகந்த வெப்பத்தில் ஏறக்குறைய எட்டு நாளில் புதிய கொப்புளங்களை உண்டாக்கிவிடும். குளிர்ந்த நாட்களில் இரண்டு வாரமோ அதற்கு மேலோ ஆகும்.

ஆறு நாள் வேறுபாடு அற்பமானதாகத் தோன்றலாம். ஆசிரியர்கள் வகுப்பில் எளிதாகச் செய்து காட்டத்தக்க ஒரு கணக்கு இதன் பொருளை விளக்கும். ஒரு கொப்புளம் நாளொன்றுக்குச் சில ஆயிரம் ஸ்போர்களை வெளியிடக்கூடியது. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை வீணாகி, பத்து மட்டுமே புதிய கொப்புளங்களாக வளர்வதாகக் கொள்வோம். ஜனவரித் தொடக்கத்திலிருந்து 70 நாட்களில், மறைவுக்காலம் 14 நாளாயின், ஐந்து தலைமுறைகள் உண்டாகும். ஒரு கொப்புளத்திலிருந்து ஒரு லட்சம் கொப்புளங்கள் தோன்றும். மறைவுக்காலம் 8 நாளாயின், அதே 70 நாட்களில் எட்டுத் தலைமுறைகள் நிறைவுறும். கொப்புளங்களின் தொகை பத்துக் கோடியாகும். பயிரும் அதே, பூசணமும் அதே, நாட்களும் அவையே. வேறுபாடு ஆயிரம் மடங்கு. உண்மையான வயலில் கணக்கு இத்துணை ஒழுங்காக ஓடுவதில்லை. வறண்ட நாட்கள் இடையிட்டு அதனைத் தடுத்துவிடும். எனினும் நோய் முதலில் தலைகாட்டும் நாள் ஒரு தலைமுறை முந்தினால் விளைவு எவ்வளவு பெருகும் என்பதை இதனால் அறியலாம்.

மூன்று துருக்கள், மூன்று விருப்பங்கள்

கோதுமையைத் தாக்கும் துருக்கள் மூன்று. மூன்றுக்கும் ஈரம் இன்றியமையாதது. வெப்பத்தில்தான் அவை ஒன்றோடொன்று மாறுபடுகின்றன.

மஞ்சள் துரு குளிரை நாடுவது. அதன் ஸ்போர்கள் 9 முதல் 13 டிகிரி சென்டிகிரேடு வரை நன்றாக முளைக்கும். 23 டிகிரிக்கு மேல் முளைப்பது நின்றுவிடும். பயிருக்குள் அது வளர்வதற்கு 12 முதல் 15 டிகிரி வரையுள்ள குளிர்ச்சி சிறந்தது. ஆதலின் ஜம்மு, இமாசலப் பிரதேசம், பஞ்சாபிலும் ஹரியானாவிலும் சிவாலிக் மலையடிவாரத்தை ஒட்டிய மாவட்டங்கள் ஆகியவையே அதன் களம். ஜனவரி மாதத்தில் அங்கு நாள்தோறும் மூடுபனி கவிகின்றது. மேற்கிலிருந்து வரும் குளிர்காலக் காற்றுக் கலக்கங்கள் மழையும் தருகின்றன. 2010-11ஆம் ஆண்டில் ஜம்மு, பஞ்சாப், ஹரியானா ஆகிய பகுதிகளில் மஞ்சள் துரு பெரும் பரப்பைத் தாக்கியது. 1995இல் வெளியிடப்பட்டுப் பரவலாகப் பயிரிடப்பட்ட பி.பி.டபிள்யூ. 343 என்னும் இரகத்தின் எதிர்ப்பாற்றலை வெல்லக்கூடிய புதிய துரு வகை அதற்கு முன்னரே தோன்றியிருந்தது. இரகம் தோற்றதும், குளிரும் ஈரமும் நீடித்ததும் ஒன்று சேர்ந்தபோது நோய் பரவியது.

பழுப்புத் துரு நடுத்தர வெப்பத்தை விரும்புவது. 20 டிகிரியில் நன்கு முளைத்து, 25 டிகிரியில் விரைந்து வளரும். இவ்வெப்பம் இந்தியாவின் கோதுமை நிலம் அனைத்திலும் ஏதேனும் ஒரு மாதத்தில் கிடைக்கின்றமையால் மூன்றினுள்ளும் இதுவே மிகப் பரவலானது. 1970-களின் தொடக்கத்தில் வடமேற்கு இந்தியாவில் புகழ்பெற்றிருந்த கல்யாண் சோனா இரகம் இந்நோய்க்கே இரையாயிற்று.

கருந்துரு வெப்பத்தை நாடுவது. முளைப்பதற்கு 15 முதல் 24 டிகிரி வரையும், இலையினுள் நுழைந்து வளர்ந்து ஸ்போர்களை உண்டாக்குவதற்கு ஏறக்குறைய 30 டிகிரியும் அதற்கு ஏற்றவை. மத்திய இந்தியாவிலும் தக்காணத்திலும் குளிர்காலம் கடுமையற்றது. பயிர்க் காலத்திலேயே பகல் வெப்பம் இந்த அளவை எட்டிவிடுகின்றது. பஞ்சாபில் அத்தகைய வெப்பம் வருவதற்குள் பயிர் முதிர்ந்துவிடும். கருந்துரு அங்குப் பெரும்பாலும் பிந்தி வந்து ஏமாறுகின்றது. நர்மதைக் கரையில் அவ்வாறு ஏமாறுவதில்லை.

கோடையைக் கடப்பது எங்கே?

ஏப்ரலில் அறுவடை முடிகின்றது. மே, ஜூன் மாதங்களில் சமவெளியின் வெப்பம் 40 டிகிரியைக் கடந்துவிடும். அந்த அனலில் துருவின் ஸ்போர்கள் பிழைப்பதில்லை. அவை தங்கி வாழ்வதற்குப் பச்சைக் கோதுமையும் வயலில் இல்லை. ஆயினும் அடுத்த குளிர்காலத்தில் நோய் மீண்டும் தோன்றுகின்றது. இடைக்காலத்தில் அது எங்கிருந்தது?

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பார்பெரி என்னும் முட்புதரில் கருந்துரு தன் வாழ்க்கையின் ஒரு பகுதியைக் கழிக்கின்றது. இமயமலையிலும் பார்பெரிச் செடிகள் உண்டு. ஆகவே இங்கும் அதுவே காரணமாகும் என்று கருதுவது இயல்பு. ஆக்ரா கல்லூரியில் பணியாற்றிய பேராசிரியர் கே. சி. மேத்தா 1920-களில் தொடங்கிப் பல ஆண்டுகள் மலைகளிலும் சமவெளியிலும் ஆய்வுகள் நடத்தி, இந்தியாவில் பார்பெரி இந்நோயைப் பரப்புவதில் பங்கு கொள்வதில்லை என்று காட்டினார். கோடையில் பூசணம் உயிர்வாழ்வது குளிர்ந்த மலைகளில். அங்குப் பருவம் தவறிப் பயிராகும் கோதுமையிலும், அறுவடையில் சிந்திய மணிகளிலிருந்து தாமாக முளைத்த செடிகளிலும் அது தொடர்ந்து வாழ்கின்றது என்பது அவருடைய முடிவு. அம்முடிவுகள் 1940இலும் 1952இலும் இரு பகுதிகளாக வெளியாயின. வடக்கே இமயமலைத் தொடரும், தெற்கே நீலகிரி, பழனி மலைகளும் இத்தகைய இருப்பிடங்கள். கருந்துருவுக்குத் தென்மலைகளே முதன்மையான ஊற்று. மஞ்சள் துரு இமயத்திலிருந்து இறங்குகின்றது. பழுப்புத் துரு இரு திசைகளிலிருந்தும் வருகின்றது.

நீலகிரியிலிருந்து நர்மதைப் பள்ளத்தாக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. குளிர்காலத் தொடக்கத்தில் தீபகற்பத்தின்மீது வீசும் வடகிழக்குக் காற்றோ ஸ்போர்களை அவ்வழியே கொண்டு செல்லத்தக்கதன்று. இந்தப் புதிரை விடுவித்தவர் எஸ். நாகராஜன். 1970-களில் அவரும் உடன் பணியாற்றியோரும் வானிலை வரைபடங்களையும், செயற்கைக் கோள்கள் எடுத்த மேகப் படங்களையும், மத்திய இந்தியாவில் சேகரித்த மழைநீரில் காணப்பட்ட ஸ்போர்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். நவம்பர் மாதத்தில் வங்கக் கடலிலோ அரபிக் கடலிலோ, ஏறக்குறைய வட அட்சம் 10 முதல் 15 டிகிரிக்குள் தோன்றும் புயலோ தாழ்வழுத்த மண்டலமோ நிலத்தில் ஏறி மத்திய இந்தியாவில் கலையுமாயின், அதன் சுழற்காற்று தென்மலைகளிலிருந்து எழுந்த ஸ்போர்களை வடக்கே எடுத்துச் செல்கின்றது. அங்கே மழையுடன் அவை இளம்பயிர்மீது இறங்குகின்றன. தென்மத்திய இந்தியாவின்மீது உயரழுத்த மண்டலம் ஒன்று நிலைத்து நிற்பதும், மேற்கத்தியக் காற்றுக் கலக்கத்தால் உண்டாகும் தாழ்வழுத்தப் பள்ளம் தெற்கே ஆழ்ந்து நீள்வதும் இதே விளைவைத் தரக்கூடும். இம்மூன்று நிலைமைகளும் 'இந்தியக் கருந்துரு விதிகள்' என்ற பெயரில் நூல்களில் இடம்பெற்றுள்ளன.

சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஐப்பசி, கார்த்திகைப் புயல் என்றால் வெள்ளமும் வீழ்ந்த மரமுமே நினைவுக்கு வரும். அதே புயல் ஓஷங்காபாத்திலோ இந்தூரிலோ பிப்ரவரி மாதத்துக் கோதுமையின் நிலையை முடிவு செய்யக்கூடும் என்பது பள்ளி மாணவர்க்குப் பூகோள வகுப்பில் சொல்லத்தக்க செய்தி.

வழி தெரிந்தபின் அதனை அடைப்பதும் இயல்வதாயிற்று. நீலகிரியிலுள்ள வெலிங்டனில் இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் கோதுமை ஆய்வு நிலையம் 1954ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகின்றது. துருக்கள் ஆண்டு முழுவதும் இயற்கையாகவே கிடைக்கும் இடம் ஆதலின், இரகங்களின் எதிர்ப்பாற்றலைச் சோதிப்பதற்கு அதனினும் பொருத்தமான இடம் அரிது. மலையில் எதிர்ப்பாற்றலுள்ள இரகங்கள் பயிராகும்போது ஊற்றே வற்றுகின்றது. மத்திய இந்தியாவில் அத்தகைய இரகங்கள் பரவியபின், 1946-47இல் நிகழ்ந்த அளவுக்குக் கருந்துருவின் பேரழிவு அங்கு மீண்டும் நேரவில்லை. புயல்கள் வருவது நிற்கவில்லை. அவை சுமந்து வருவதற்கு இருந்த சரக்கும், இறக்குவதற்கு இருந்த இடமும் குறைந்துவிட்டன.

நெல்லின் அனுபவம்

வானிலையின் இப்பங்கு கோதுமைக்கு மட்டும் உரியதன்று. 1942ஆம் ஆண்டு வங்காளத்தில் நெற்பயிரைப் பழுப்புப் புள்ளி நோய் கடுமையாகத் தாக்கியது. கட்டாக் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய எஸ். ஒய். பத்மநாபன், பாங்குரா, சின்சுரா ஆகிய இரு ஆய்வுப் பண்ணைகளின் பழைய விளைச்சல் குறிப்புகளை ஆராய்ந்து 1973இல் வெளியிட்டார். சில இரகங்களில் முந்திய ஆண்டு விளைச்சலில் 90 சதவீதம் வரை இழப்பு நேர்ந்திருந்தது. வங்காளத்தில் வழக்கமாக நவம்பரில் வானம் தெளிந்து குளிர் தொடங்கும். அவ்வாண்டு அவ்வாறின்றி மேகமும் மழையும் நீடித்தன. இரவிலும் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழ் இறங்காமல் நின்றது. நெல் பூத்துக் கதிர்விடும் காலம் அது. 1943ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் பல லட்சம் மக்கள் மாண்டனர். அப்பஞ்சத்துக்குப் பயிர்நோயை மட்டும் காரணமாகக் கூறுதல் பொருந்தாது. போர்க்கால நடவடிக்கைகள், விலையேற்றம், ஏழைகளின் வாங்கும் சக்தி அற்றுப்போனமை ஆகியவற்றைப் பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் 1981இல் விரிவாக எடுத்துக்காட்டினார். ஆயினும் அவ்விரு பண்ணைகளின் குறிப்பேடுகள், ஒரு மாதத்து வானிலை ஒரு பயிரை எந்த அளவுக்கு அழிக்கமுடியும் என்பதற்குச் சான்றாக உள்ளன.

நெல்லின் குலைநோயில் மற்றொரு நுட்பம் காணப்படுகின்றது. தஞ்சாவூர் டெல்டாவில் கார்த்திகை முதல் தை வரையில் இந்நோய் மிகுவது உழவர் அறிந்ததே. இரவு வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இறங்குவதும், கடும்பனி பெய்வதும் அப்போதுதான். டி. எஸ். சதாசிவனும் அவருடன் சென்னைப் பல்கலைக் கழகத்தில் ஆய்வு செய்தோரும், குளிர்ந்த இரவு பூசணத்துக்கு உதவுவதோடு நில்லாமல், நெற்செடியின் உட்பொருள்களையே மாற்றி அதனை நோய்க்கு எளிதில் இரையாக்குகின்றது என்று காட்டினர். வானிலை இங்கு இருபுறமும் வேலை செய்கின்றது. தழைச்சத்தை மிகுதியாக இட்ட வயலில் குலைநோய் கடுமையாவதும் இதனோடு தொடர்புடையதே.

எல்லாப் பூசணமும் ஈர இலையை வேண்டுவதில்லை

கோதுமையில் வரும் சாம்பல் நோயின் ஸ்போர் தனக்கு வேண்டிய நீரைத் தன்னுள்ளேயே கொண்டிருக்கின்றது. குளிர்ச்சியும் மேகமூட்டமும் காற்றில் ஈரமும் அதற்கு வேண்டும். இலைமீது நீர் தேங்கினால் அதற்குத் தீமையே. மழையால் குறையும் பூசண நோய்களில் இது ஒன்று.

கரிப்பூட்டை நோயின் போக்கு இன்னும் விந்தையானது. கோதுமை பூக்கும் சில நாட்களில் ஸ்போர் பூவினுள் புகுந்து, விளையும் மணிக்குள் உறங்கிவிடும். மணி பார்வைக்கு நலமாக இருக்கும். அடுத்த ஆண்டு அதனை விதைத்தால் கதிர் முழுவதும் கரித்தூளாக வெளிவரும். ஒரு பருவத்து வானிலையின் பயனை மறுபருவத்தில் அனுபவிக்கவேண்டியதாகிறது. இந்நோய்க்கு மருந்தாகவும் வானிலையையே பயன்படுத்தும் முறையைப் பஞ்சாபில் லூத்ராவும் சத்தாரும் 1934இல் வெளியிட்டனர். மே, ஜூன் மாதங்களில் விதையைக் காலை நேரத்தில் நான்கு மணி நேரம் நீரில் ஊறவைத்தால் உள்ளே உறங்கும் பூசணம் விழித்துக்கொள்ளும். நடுப்பகலில் அவ்விதையைத் தரையில் மெல்லியதாகப் பரப்பிக் கடும் வெயிலில் உலர்த்தினால் விழித்த பூசணம் மடிந்துவிடும்; விதை முளைக்கும் சக்தியை இழப்பதில்லை. செலவில்லாத இம்முறை மேகமில்லாத நாளில் மட்டுமே பலிக்கும்.

புதிய பகை ஒன்றும் சேர்ந்துள்ளது. 1985இல் பிரேசில் நாட்டில் முதன்முதலாகக் காணப்பட்ட கோதுமைக் குலைநோய் 2016 பிப்ரவரியில் வங்காளதேசத்தில் தோன்றி, சுமார் 15,000 ஹெக்டேர் பரப்பைத் தாக்கியது. நெல்லின் குலைநோய்ப் பூசணத்துக்கு உறவான வகை இது. கதிர் வெளிவரும் வேளையில் மழை பெய்து, கதிர் ஒரு நாளுக்கு மேல் ஈரமாக இருந்து, வெப்பநிலையும் 25 முதல் 30 டிகிரி வரை இருந்தால் சில நாட்களில் கதிர் வெளுத்து மணியற்றுப் போகும். எல்லையை ஒட்டிய மேற்கு வங்காளத்தின் முர்ஷிதாபாத், நதியா மாவட்டங்களில் 2017ஆம் ஆண்டு முதல் கோதுமைப் பயிருக்கு விடுமுறை விடப்பட்டது. குளிர்காலம் சுருங்கி வெதுவெதுப்பாகும் கீழைப் பகுதிகளுக்கு இந்நோய் கவலை தருவது.

வயலில் கவனிக்கவேண்டியவை

நோய் கண்ணுக்குத் தெரிந்த அன்று, முன்தினம் பெய்த பனியையோ தூறலையோ குறை கூறுவது வழக்கம். மறைவுக்காலத்தை நினைவிற் கொண்டால் இது தவறு என்பது புலனாகும். இன்று காணும் கொப்புளத்தை உண்டாக்கிய இரவு எட்டு முதல் பதினான்கு நாட்களுக்கு முன்னர்க் கழிந்துவிட்டது. ஆகவே குறிப்பேடு இல்லாமல் காரணத்தை அறிய இயலாது. மிகைப்பட்ட கருவிகளும் தேவையில்லை. நாள்தோறும் உயர்ந்த, தாழ்ந்த வெப்பநிலை, மழை அல்லது தூறல், வானத்தின் நிலை, காலை 6, 8, 10 மணிகளில் பயிரின் நடு இலையை விரலால் தொட்டு அறிந்த ஈரம் அல்லது வறட்சி என்னும் இவற்றை எழுதி வந்தால் போதும். மூன்று இரவுகள் தொடர்ந்து இலை எட்டு மணி நேரத்துக்கு மேல் நனைந்து, வெப்பமும் அப்பகுதியில் வழங்கும் துருவுக்கு ஏற்றதாக இருந்ததென்று குறிப்பேடு காட்டுமாயின், அதிலிருந்து எட்டாம் நாள் தொடங்கி வயலை நாள்தோறும் சுற்றிப் பார்த்தல் வேண்டும். வானிலை ஆய்வுத் துறை வெளியிடும் வேளாண் வானிலை அறிக்கையுடன் இக்குறிப்பை ஒப்பிட்டால் வரும் நாட்களின் நிலையையும் ஓரளவு கணிக்கலாம்.

எங்கே முதலில் பார்ப்பது என்பதும் பனியையே பொறுத்தது. பஞ்சாபில் மஞ்சள் துரு பெரும்பாலும் பாப்ளர் மரங்களின் நிழல் விழும் ஓரங்களில் முதலில் தோன்றுகின்றது. வயலில் அது சிறு வட்டங்களாகத் தொடங்கும். மஞ்சளித்த இலை ஒவ்வொன்றும் துரு பிடித்ததன்று. சத்துக் குறைவாலும் நீர் தேங்குவதாலும் இலை மஞ்சளாகும். வெள்ளைத் துணியால் இலையைத் துடைத்துப் பார்த்தால் ஐயம் தீரும்: துருவாயின் துணியில் மஞ்சள் தூள் ஒட்டும், மற்றவற்றில் ஒட்டாது.

நோய் வட்டம் கண்டவுடன், லிட்டர் நீருக்கு ஒரு மில்லிலிட்டர் வீதம் புரொப்பிகோனசோல் 25 இ.சி. மருந்தைக் கலந்து, ஏக்கருக்கு 200 லிட்டர் கரைசல் தெளிக்குமாறு பரிந்துரைக்கப்படுகின்றது. பனி காய்ந்தபின், மழை எதிர்பாராத நாளில் தெளித்தல் நன்று. ஈரமும் குளிரும் தொடர்ந்து நோயும் நிற்காவிட்டால் பதினைந்து நாள் கழித்து மீண்டும் தெளிக்கவேண்டியிருக்கும். மார்ச் மாதத்தில் பகல் வெப்பம் ஏறி, இலையிலுள்ள மஞ்சள் கோடுகள் கருமையாக மாறத் தொடங்கினால் மஞ்சள் துரு அவ்வாண்டுக்கு ஓய்ந்துவிட்டது என்பது பொருள். அதன்பின் தெளிக்கும் மருந்து உழவருக்கு வீண் செலவே.